எந்த அறைக்கு எந்த வால்வு

ஒக்ரோபர் 19, சனி

வீட்டைச் சூடாக்குகிற பொயிலரை இன்று போட்டுப் பார்த்தேன். நிலவறையில் கொஞ்ச நேரம் உறுமியது, குழாய்கள் டக்கு டக்கென்று தட்டின, பிறகு பேசாமல் படுத்துவிட்டது. சுடுதண்ணீர் ஓடவேண்டிய மேல்மாடி றேடியேற்றர்களைத் தொட்டால் பச்சைத் தண்ணீர். கீழே குசினியிலும் அதே கதை. இந்த வார்ப்பிரும்பு றேடியேற்றர்கள் வீடு வாங்கிய காலத்திலிருந்து ஒரு குளிருக்கும் என்னைக் கைவிட்டதில்லை. இப்ப என்ன வந்தது இதுகளுக்கு?

மகள் கஜந்தினி ரொக்ஸ்பரோவிலிருந்து கோல் எடுத்தாள். டிசம்பர் கடைசியில் பிள்ளை பிறக்குமாம். தலைப்பிள்ளை, தாய்வீட்டில்தான் முப்பத்தொரு நாள் துடக்குக் கழியவேண்டும். போன மாசியில் மகன் தனோஜன் செத்துப்போனான். அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலால் ஒரு நல்ல காரியம் வருவதென்றால் அது இதுதான். மேல் அறை சூடாக இருக்குமோ என்று மட்டும் கேட்டாள். இருக்கும் பிள்ளை, அப்பா பாக்கிறன் என்று சொல்லிவிட்டேன். சொல்லியாச்சு.

ஒக்ரோபர் 22, செவ்வாய்

மனைவி இந்திரா வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு திரிகிறாள். குளிருதோ என்று கேட்டேன். இல்லையாம். வாசலுக்குப் பக்கத்து நடையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, தனோஜனின் படத்துக்கு முன்னால் இருக்கிறாள். சமைக்க எழும்புகிறாள், விளக்குக்கு எண்ணெய் விட எழும்புகிறாள். வேறு எதற்கும் இல்லை.

ஒக்ரோபர் 26, சனி

இந்தத் தெருவிலேயே இருக்கிற குழாய்க்காரர் யோசெப்பைக் கூப்பிட்டேன். ஹெயிற்றிக்காரர். என்னுடைய பிரெஞ்சு மூன்று வசனத்தில் முடிந்துவிடும், பிறகு கைதான். ஒவ்வொரு றேடியேற்றரிலும் சின்னத் திறப்பைப் போட்டுக் காற்றை எடுத்தார். உஸ்ஸென்று ஊதி ஊதிக் கறுத்த தண்ணீர் வந்தது. நிலவறையில் பொயிலரின் வயரை நேரே கொழுவி ஓடவிட்டார், ஓடியது. பம்பும் நல்லது என்றார். நடைக்கு வந்தவர் படத்தையும் விளக்கையும் கண்டதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, சுவர்ப்பக்கம் நிமிர்ந்தும் பார்க்காமல் போய்விட்டார். நல்ல மனிசன்.

பழைய வால்வுகள் இறுகிப்போயிருக்கலாம், தானாகச் சூட்டைப் பார்த்துத் திறந்து மூடுகிற வால்வு போட்டுப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 2, சனி

கடைக்குப் போனேன். போயிருக்கக்கூடாது.

ஒரு சுவர் முழுக்க வால்வு. நேர் வால்வு, முழங்கை வால்வு. அரை அங்குலம், முக்கால் அங்குலம். அம்புக்குறி தண்ணீர் வருகிற பக்கம் பார்க்கவேண்டுமாம், மாறிப் பூட்டினால் சம்மட்டி அடிக்கிற மாதிரிச் சத்தம் போடுமாம். தலைக்குள்ளேயே சூட்டை உணர்கிற வகை ஒன்று. திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கிற றேடியேற்றருக்கு அது சரிவராது, அதற்கு வயர் விட்டு உணர்வியைத் தள்ளி வைக்கிற வகை. அதற்கும் மேலே, பற்றரி போட்டு ரெலிபோனால் திருகுகிற வகை. கல்யாணச் சேலை எடுக்கப் போன இடத்தில் ஆம்பிளை நிற்கிற மாதிரி நின்றேன். விற்கிற பெடிச்சி போன்ஜூர் என்றாள், பிறகு நிறைய என்னவோ சொன்னாள், நான் ஓமோம் என்று தலையாட்டினேன்.

இதெல்லாம் தனோஜன்ர வேலை. ரெலிபோனை எடுத்து ரெண்டு நிமிசம் பாத்திட்டு, அப்பா இதை வாங்குங்கோ எண்டிருப்பான். நான் ஏன் அதை, இதில என்ன குறை எண்டு அவனோட கொழுவியிருப்பன். கடைக்குள்ள நிண்டு அழுதன். என்ன மானம் கெட்ட பிழைப்பு.

தலையில் உணர்வி இருக்கிற சாதாரண வகையைத்தான் வாங்கினேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம், அதற்கும் கீழே ஒரு பனிப்பூக் குறி.

நவம்பர் 9, சனி

யோசெப் வந்து தண்ணீரை வடித்து, மேல் அறைகளுக்கும் குசினிக்கும் பூட்டினார். நடையில் மட்டும் பூட்டவில்லை. வீட்டுத் தேர்மோஸ்ராற் நடைச்சுவரில்தான் இருக்கிறது, பொயிலரை ஓடச் சொல்வதும் நிற்கச் சொல்வதும் அதுதான். அது இருக்கிற இடத்து றேடியேற்றர் எப்போதும் முழுக்கத் திறந்திருக்கவேண்டும். அங்கேயும் தானியங்கி வால்வு போட்டால் ஒரு இடத்தில் இரண்டு முதலாளி, இரண்டும் ஒன்றையொன்று ஏமாற்றும் என்றார். எனக்கு விளங்கியது.

நவம்பர் 13, புதன்

எல்லா வால்வும் ஐந்தில். வீடு ஐஸ். தேர்மோஸ்ராற்றின் முள்ளைக் கடைசிவரை திருகிவிட்டேன். ஒரு அசுமாத்தமும் இல்லை. நான் அந்தச் சுவரை நேரே பார்ப்பதில்லை, கையை நீட்டித் திருகிவிட்டு வந்துவிடுவேன். அவன் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான் அந்தப் படத்தில.

வால்வுகளைக் கழற்றித் தெருவில் எறியலாம் போலிருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

மகளும் மருமகன் றஜிந்தனும் வந்தார்கள். கஜந்தினி வயிற்றைத் தாங்கிக்கொண்டு மேலே ஏறி அந்த அறையைப் பார்த்தாள். கட்டில் விரித்து வைத்திருந்தேன். வாயால் ஊதினால் புகை தெரிகிற அளவுக்குக் குளிர் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அவள் கோட்டைக் கழற்றவில்லை. இறங்கி வந்து குசினியில் இருந்து அழத் தொடங்கிவிட்டாள்.

"அப்பா, அம்மாவும் கதைக்கிறா இல்லை. வீடும் குளிருது. பச்சைப்பிள்ளையோட நான் இஞ்ச வந்து என்ன செய்ய?"

றஜிந்தனின் தாய் ஸ்காபரோவிலிருந்து ரொக்ஸ்பரோவுக்கு வந்து பார்க்கத் தயாராம். அவர் அதை மெதுவாக, குற்றம் சொல்லாமல்தான் சொன்னார். அதுதான் கூடக் குத்தியது. பிறக்கிற பிள்ளையைத் தாய்வீட்டில் வைத்துப் பார்க்க வக்கில்லாத வீடாகிப்போனது.

நடையில் இருந்த இந்திராவுக்கு எல்லாம் கேட்டது. போகும்போது மகள் குனிந்து தாயின் நெற்றியில் கொஞ்சினாள். இவள் மகளின் வயிற்றைத் தொடப் போன கையை எடுத்துக்கொண்டாள். நான் கண்டேன்.

நவம்பர் 20, புதன்

ஒன்றிலும் மனமில்லை.

நவம்பர் 23, சனி

இன்றைக்கு என்ன நடந்தது என்பதை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில் றஜிந்தன் வந்து இந்திராவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மகளின் சுகப்பிரசவத்துக்கு அருச்சனை என்று கெஞ்சித்தான் கொண்டுபோனார். போகிற அவசரத்தில் இவள் விளக்குக்கு எண்ணெய் விடவில்லை. நான் குசினியில் பாண் சுட்டுக்கொண்டிருந்தேன். நிலவறையில் பொயிலர் உறுமியது. நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை. குசினி றேடியேற்றர் சுட்டது. மேலே ஓடினேன், அங்கும் சுட்டது. எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. மகளுக்குக் கோல் எடுக்க ரெலிபோனைத் தேடிக்கொண்டு நடைக்கு வந்தேன்.

விளக்கு அணைந்திருந்தது.

வசந்தத்தில்தான் படத்தைச் சட்டம் போட்டுக் கொழுவினோம். செத்த ஆளின் படம் தென்சுவரில்தான் இருக்கவேண்டும் என்று ஐயர் சொன்னார். இந்த வீட்டில் ஜன்னல் இல்லாத தென்சுவர் நடையில் மட்டும்தான். அதில் படம், படத்துக்குக் கீழே ஒரு பக்கமாய் ஒரு தட்டு, தட்டில் கண்ணாடிக் கூடு போட்ட விளக்கு. இரவு பகல் எரிகிறது. விளக்குக்கு நேர் மேலே, படத்துக்குப் பக்கத்தில், ஒரு முழம்கூட இல்லாத உயரத்தில் தேர்மோஸ்ராற். வெக்கை நேரே அதற்குள்தான் ஏறும். வீடெல்லாம் வெந்துபோய்க் கிடக்கிறது என்று அது நினைத்துக்கொண்டு பொயிலரை நிறுத்திவிடும். கொழுவிய காலத்தில் பொயிலர் ஓடவில்லை, அதனால் தெரியவில்லை. பிறகு அந்தச் சுவரை யார் பார்த்தது? நானும் பார்க்கவில்லை, யோசெப்பும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் நின்றேன். வீடு சூடாகிக்கொண்டு வந்தது. பிறகு எண்ணெய் விட்டு, திரியைத் தூண்டி, நானே விளக்கைக் கொளுத்தினேன். அவள் வந்து அணைந்ததைக் காணக்கூடாது. கால் மணித்தியாலத்தில் பொயிலர் நின்றது.

நவம்பர் 25, திங்கள்

எப்படிச் சொல்வது? "இந்திரா, உம்மட மகன்ர விளக்குத்தான் வீட்டைக் குளிராக்குது" என்றா? அதைச் சொல்கிற வாய் எனக்கு இல்லை.

விளக்கைத் தள்ளி வைக்கலாம், சொல்லாமல் முடியாது. படத்தை மாற்றலாம், வேறு தென்சுவர் இல்லை. மிச்சம் தேர்மோஸ்ராற்றை இடம் மாற்றுவது. வயர் இல்லாத வகை இருக்கிறது, எந்த அறையிலும் வைக்கலாம், அது காற்றிலேயே பொயிலருக்குச் சொல்லும். ஓடர் கொடுத்துவிட்டேன். வரச் சுணங்குமாம்.

நவம்பர் 30, சனி

அதுவரைக்கும் ஒரு உபாயம். வெள்ளீயத்தாளை மடித்து விளக்குக்கும் தேர்மோஸ்ராற்றுக்கும் நடுவில் செருகினேன். பொயிலர் ஓடியது. பின்னேரம் பார்த்தால் தாளைக் காணவில்லை. குப்பை வாளிக்குள் நாலாக மடித்துக் கிடந்தது. படத்துக்குப் பக்கத்தில் அவலட்சணமாக இருக்கிறது என்று எடுத்திருப்பாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

திரும்பவும் செருகினேன். திரும்பவும் குப்பைக்குள். இந்திரா, நீர்தானே எடுத்தனீர் என்று கேட்டேன். அது வெக்கையை மறைக்கத்தான் வைத்தது, மகள் வரவேண்டும், வீடு சூடாகவேண்டும் என்று, சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். விளக்கைக் கொளுத்தினா கீழ பொயிலர் நிக்கும். அவன் விடியுமட்டும் குளிருக்குள்ள கிடந்தவன். எனக்கு என்னத்துக்குச் சூடு?"

அவன் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் வேலை முடித்து வந்துகொண்டிருந்தான். பனிக்காற்று. கார் றோட்டை விட்டு வழுகிப் பள்ளத்துக்குள். பனி மூடிவிட்டது, யாரும் காணவில்லை. காலமை பனி தள்ளுகிற வண்டிக்காரன்தான் கண்டது. அடிபட்டதில உயிர் போகேல்லை எண்டு டொக்டர் சொன்னவர். ஏன் அந்த மனிசன் அதைச் சொன்னது? ஆர் கேட்டது அவரை? அந்த நாளிலயிருந்து அவள் அந்தக் குளிருக்குள்ளதான் இருக்கிறாள். நான் வால்வு வாங்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். விசரன்.

டிசம்பர் 4, புதன்

இன்று நிலவறையில்தான் இருந்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

கோபம் வருகிறது. அவன் எனக்கும் பிள்ளைதானே. எனக்கும் தெரியும் அந்த இரவு எவ்வளவு குளிர் என்று. போன குளிரெல்லாம் நான் அதை நினைக்காமலா படுத்தேன்? ஆனால் இருக்கிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாளே. அவளுடைய வயிற்றில் ஒன்று இருக்கிறதே. அதுகளுக்கு இந்த வீட்டில் இடமில்லையா? இந்திராவோடு சத்தம் போடலாம் என்று நடைக்குப் போனேன். உதடு நீலம் பாரித்துப்போய் இருக்கிறாள். கம்பளியை எடுத்து மடியில் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

செத்த பிள்ளைக்குக் குளிரும் பிறக்கிற பிள்ளைக்குச் சூடும் ஒரே வீட்டில் வேண்டும். அப்படி ஒரு வால்வைக் கடைக்காரப் பெடிச்சியிடம் எப்படிக் கேட்பது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், வால்வு செய்கிற வேலையே அதுதான், ஒரு அறைக்குத் திறந்து இன்னொன்றுக்கு மூடுவது.

டிசம்பர் 12, வியாழன்

பெட்டி வந்தது. யோசெப்பைக் கூப்பிட்டேன். புதுத் தேர்மோஸ்ராற் மேல் அறைக்கு, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், ஜன்னலுக்குத் தூரமாக. அந்த அறை றேடியேற்றரில் ஏற்கெனவே பூட்டிய தானியங்கித் தலையைக் கழற்றி, வால்வை முழுக்கத் திறந்துவிட்டோம். நடைச்சுவரில் இருந்த பழைய தேர்மோஸ்ராற்றைக் கழற்றியாச்சு, இனி முதலாளி அந்த அறைதான். எங்கள் அறை வால்வையும் குசினி வால்வையும் மூன்றாம் இலக்கத்தில் வைத்தோம். கழற்றிய தலையை நடைக்கு ஒரு புது வால்வு வைத்து அதில் பூட்டி, இலக்கத்தில் வைக்காமல் பனிப்பூக் குறியில் வைத்தேன். குழாய் உறையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும், அதற்கு மேல் சூடு கொடுக்காது. நடைக்கும் குசினிக்கும் இடைக் கதவு, மாடிப்படியின் அடியில் ஒரு கதவு, இரண்டையும் சாத்தி வைக்கலாம்.

ஆளில்லாத வீட்டுக்குத்தான் அந்தக் குறி என்று யோசெப் சொன்னார். மனைவிக்கு விருப்பம் என்று மட்டும் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், பிறகு சாமான்களைப் பெட்டிக்குள் அடுக்கினார்.

இந்திராவிடம் போய்ச் சொன்னேன்: "நடை உமக்கு. விளக்கிலயும் கை வைக்கமாட்டன், உம்மட குளிரிலயும் கை வைக்கமாட்டன். மேல மட்டும் மகளுக்கு." அவள் தலையை அசைத்த மாதிரி இருந்தது. அசைக்காமலும் இருந்திருக்கலாம்.

டிசம்பர் 14, சனி

மேல் அறை இருபத்துமூன்று பாகை. கஜந்தினிக்குக் கோல் எடுத்தேன். ஸ்காபரோவிலிருந்து வர மாமி பஸ்ஸுக்குப் பதிந்துவிட்டாவாம். இனி வேண்டாம் என்று சொன்னால் மனம் நோவும் அப்பா என்றாள். அதுவும் நியாயம்தான். சரி பிள்ளை, நீ சுகமாய்ப் பெத்தெடுத்தால் காணும் என்றேன். வைத்துவிட்டு அந்தச் சூட்டுக்குள்ளே போய் இருந்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

பெட்டைக்குஞ்சு பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் சுகம். ஆசுப்பத்திரிக்கு நான் மட்டும் போனேன். எவ்வளவோ கேட்டேன், இந்திரா கதிரையை விட்டு எழும்பவில்லை. பிள்ளைக்குக் காது அவனுடைய காது. மகளும் கண்டிருப்பாள், நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

அம்மா எங்கே என்று கஜந்தினி கேட்கவுமில்லை.

ஜனவரி 1, புதன்

பிள்ளை ரொக்ஸ்பரோவுக்குப் போய்விட்டது. இங்கே ஆளில்லாத அறையை இருபத்துமூன்றில் வைத்திருக்கிறேன். குறைக்கலாம், குறைக்க மனம் வரவில்லை. மேலே வெறும் கட்டிலுக்குச் சூடு, கீழே உயிரோடு இருக்கிற மனிசிக்குக் குளிர். வருசப்பிறப்பு.

ஜனவரி 6, திங்கள்

கஜந்தினியின் மாமிக்குக் காய்ச்சலும் இருமலும். பச்சைப்பிள்ளைக்குக் கிட்ட நிற்கக்கூடாது என்று அந்த மனிசியே சொல்லிவிட்டாவாம். பின்னேரம் றஜிந்தன் கஜந்தினியையும் பிள்ளையையும் கொண்டுவந்து இங்கே இறக்கினார். கஜந்தினி நடையால் வரும்போது பிள்ளையைச் சால்வையால் முழுக்க மூடிக்கொண்டாள். அண்ணனின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். இந்திரா எழும்பிச் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள், பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. வேற்று மனிசர் வீட்டில் நிற்கிற மாதிரி ஒதுங்கினாள்.

ஜனவரி 9, வியாழன்

இந்திரா பத்தியச் சரக்கு அரைத்துக் கறி வைக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்கு என்னென்ன கொடுக்கவேண்டுமோ எல்லாம் நேரத்துக்கு நேரம் வருகிறது. மாடிப்படியின் அடியில் வைத்துவிட்டு, கதவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுகிறாள். நான் எடுத்துக்கொண்டு ஏறுகிறேன். கஜந்தினி மிச்சம் விடாமல் சாப்பிடுகிறாள். அம்மா ஏன் மேல வாறா இல்லை என்று இன்றைக்குத்தான் கேட்டாள். பிள்ளை கீழே இருந்து வருகிற சரக்கு வாசத்துக்கு மூக்கைச் சுளித்தது.

அவள் வரமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். இப்படியே ஒரு வீட்டில் இரண்டு வீடாய் இருந்து முடியப்போகிறோம். வால்வைப் பூட்டி நான்தான் பிரித்தும் கொடுத்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

கஜந்தினி குளிக்கப் போயிருந்தாள். பிள்ளை வீரிட்டு அழுதது. எனக்கு இடுப்புப் பிடித்துப்போய் உடனே எழும்ப முடியவில்லை. கீழ்க்கதவு திறந்து படியில் காலடி கேட்டது. கோட்டோடு இந்திரா வந்து அறை வாசலில் நின்றாள். பிள்ளையிடம் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. நேரே றேடியேற்றரிடம் போய் இரண்டு கையையும் அதன் மேல் விரித்து வைத்தாள். பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. அவள் புறங்கையைத் திருப்பி வைத்தாள், பிறகு திரும்பவும் உள்ளங்கை.

"பச்சை உடம்பு," என்றாள். "குளிர்ந்த கையால தொடக்கூடாது."

தன் கன்னத்தில் கையை வைத்துச் சூடு போதுமோ என்று பார்த்துக்கொண்டாள். கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டு நடந்தாள். அது அடங்கி, அவளுடைய கழுத்துக்குள் மூக்கை வைத்துக்கொண்டு நித்திரையாகியது. கஜந்தினி தலையில் துவாயோடு வந்து கதவடியில் அப்படியே நின்றுவிட்டாள்.

பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டு இந்திரா கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே போனாள். போய் நடையில் பழையபடி இருக்கிறாள். விளக்கு எரிகிறது, நடை வால்வு பனிப்பூவிலேயே இருக்கிறது, நான் தொடவில்லை.

நாளைக்கும் வருவாளோ தெரியாது. மேல் அறைக் கதவையும் படிக்கதவையும் இன்று சாத்தவில்லை. சூடு வெளியில் போனால் போகட்டும்.